ஏலம் போகாத மரங்கள்

பொது இடத்து மரத்தில் பழம் என்று ஒன்றை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து மாமரத்தில் மாவடு உண்டு, மாங்காய் உண்டு, மாம்பழம் கிடையாது. நாம் விட்டுவைத்தால் அடுத்தவன் பறித்துவிடுவான் என்பது ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும். சாலையோரப் புளியமரம் மட்டும் விதிவிலக்கு. அது ஏலம் போன மரம். எடுத்தவர் காவலுக்கு ஆள் போட்டிருப்பார்.

இந்தப் படிப்போடுதான் சியாட்டிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ‘பீக்கன் ஃபுட் ஃபாரஸ்ட்’ பார்க்கக் கிளம்பினேன். ஜெபர்சன் பூங்காவை ஒட்டிய சரிவு. நிலம் நகரத்துக்குச் சொந்தம். 2012-இல் அக்கம்பக்கத்தார் மண்வெட்டியோடு இறங்கி ஆப்பிள், பேரி, பிளம், அத்தி என்று நட ஆரம்பித்தார்களாம். யாரும் வரலாம், பறிக்கலாம், காசு வேண்டாம்.

“இந்த வருஷம் ஏலம் யாருக்கு?”

“ஏலமெல்லாம் இல்லப்பா.”

“வாட்ச்மேன்?”

“அதுவும் இல்ல.”

எனக்குக் கை நீட்டவே தோன்றவில்லை. திட்ட ஓர் ஆள் இருந்தால்தானே எப்போது ஓடுவது என்று தெரியும்?

என் மனைவிக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. நேரே ஒரு பச்சை ஆப்பிளிடம் போய் நகத்தால் கீறி முகர்ந்தாள். “என்னங்க, நல்ல புளிப்பு! ஊறுகாய்க்கு அம்சமா இருக்கும்.” மாங்காய் கிடைக்காத அமெரிக்கத் தமிழ் வீடுகளில் பச்சை ஆப்பிள்தான் மாங்காய். பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் தயிர்சாதம் வித்தியாசம் கண்டுபிடிக்காது.

மகள் கையைப் பிடித்தாள். “பழுத்ததைத்தான் பறிக்கணும்மா. அதுவும் தேவைக்கு மட்டும்.”

“பழுக்கிற வரைக்கும் எவன்டி விட்டுவைப்பான்?”

விட்டுவைக்கிறார்கள். இந்த ஊரில் ஆப்பிள் பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் நைலான் சாக்ஸ் மாட்டிவிடுபவர்கள் உண்டு; ஈயும் அந்துப்பூச்சியும் துளைக்காமலிருக்க. வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் மரம் முழுக்கச் சாக்ஸ், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி. ஜூனில் மாட்டியவர் செப்டம்பரில் தின்கிறார். நடுவில் யாரும் உருவிக்கொண்டு போவதில்லை.

ஒரு பிளம் மரத்தடியில் நின்றேன். கருநீலத் தோலின் மேல் திருநீறு பூசியதுபோல் மெல்லிய மாவு. விரல் பட்ட இடம் மட்டும் பளபளத்தது. இழுக்கவேயில்லை, தானாகக் காம்பை விட்டது. கடித்ததும் சாறு முழங்கைவரை இறங்கியது. அடுத்தவன் பறிக்கமாட்டான் என்று ஆளாளுக்கு நம்பினால் பொது மரமும் பழுக்கிறது. வாட்ச்மேன் சம்பளமும் மிச்சம். இதை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண் வேறெங்கோ இருந்தது.

“அங்க பாரு. அந்தம்மா கல்லு மாதிரி காயைப் பறிக்கிறாங்க!”

கூடையோடு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பேரி மரத்தடியில் நின்றிருந்தார். மகள் போய் விசாரித்துவிட்டு, முகம் சற்றுச் சுருங்கித் திரும்பினாள். “பேரி மட்டும் காயாத்தான் பறிக்கணுமாம். மரத்துலயே பழுக்கவிட்டா உள்ளே மாவாயிடுமாம். வீட்ல வச்சுதான் பழுக்க வைக்கணுமாம்.”

மனைவி இடுப்பிலிருந்த மஞ்சப்பையை உதறி விரித்தாள். “பாத்தியா, விவரம் தெரிஞ்சவங்க இங்கயும் இருக்காங்க!”