ஸ்பேனர் சார்

நந்தனம் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒரு ஸ்பேனர் சார் இருப்பார். பொதுத்துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை டெண்டர் பிரித்தாரே தவிர, ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. ரிட்டயர் ஆனதும் ஆன்மிகத்தில் இறங்குவார் என்று வீட்டம்மா எதிர்பார்த்திருக்க, மனிதர் குரோம் வனேடியக் கருவிகளில் இறங்கிவிட்டார்.

எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் கோத்திரம் விசாரிப்பதுபோல, எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாமல் ஒரு கட்டிங் பிளேயரோடு அவரால் உறவு வைத்துக்கொள்ள முடியாது. அவர் தரவரிசையில் உச்சியில் ஜெர்மனி, அதிலும் வுப்பர்டால், ரெம்ஷைட் என்ற இரண்டு ஊர்கள். சென்னையைத் தாண்டிக் காசிக்குக்கூடப் போகாதவர், வுப்பர்டாலில் சொந்த வீடு இருப்பதுபோலப் பேசுவார். அடுத்து ஜப்பான், ஸ்வீடன். பிறகு 'அந்தக் கால' ஷெஃபீல்டு. தைவானுக்கு அண்மையில்தான் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார். இந்தியா 'வீட்டு உபயோகத்துக்குப் பரவாயில்லை'. சீனா என்றால் பதிலே வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

இந்த முத்திரைப் பித்துக்கு அவர் சொல்லும் தலபுராணம் ஒன்று உண்டு, அது உண்மையும்கூட. 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்குபோல விற்கக் கூடாது, எங்கே செய்தது என்று எழுத வேண்டும். ஷெஃபீல்டு பெயரைப் பொறித்துக்கொண்டு மலிவாக வந்திறங்கிய ஜெர்மன் கத்திகளைக் காட்டிக்கொடுப்பதற்காகத்தான் முக்கியமாக இந்த ஏற்பாடு. அவமானச் சின்னமாக ஒட்டிய 'மேட் இன் ஜெர்மனி' சில பத்தாண்டுகளில் ஜெர்மனிக்கே விருதாகிவிட்டது. "பேர் கெடணும்னு குத்தின முத்திரை சார், இன்னிக்கு அதுக்குத்தான் காசு!" என்று முடிப்பார். யார் காசு என்று வீட்டம்மா உள்ளேயிருந்து கேட்பார்.

மாதம் ஒருமுறை நந்தனத்தில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குவார். நேர் ரயில், மாற வேண்டியதில்லை. லிங்கிச் செட்டித் தெருவில் அவர் கடைக்குள் நுழைந்தால் பையன்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். குறடை வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பிடித்து, வெட்டும் வாய்களுக்கு நடுவே ஒளி கசிகிறதா என்று பார்ப்பார். பையிலிருந்து மெல்லிய தாளை எடுத்து வெட்டிப் பார்ப்பார். ரிவெட்டில் ஆட்டம் உண்டா என்று பக்கவாட்டில் அசைப்பார். ஒரு மணி நேரம் கழித்து, "யோசிச்சு வர்றேன்" என்று கிளம்புவார்.

பாவம், உலகம் அவரை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. ஆசையாக வாங்கிய வெரா திருப்புளியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது 'செக் குடியரசு' என்றிருந்தது. கம்பெனி வுப்பர்டால், தொழிற்சாலை செக். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாக்கோ ஸ்வீடன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டால், அது 1999இலேயே அமெரிக்க ஸ்னாப்-ஆன் கைக்குப் போயாயிற்று. அந்தப் பெயரில் வரும் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில் ஸ்பெயின் என்று எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, மகன் டல்லாஸிலிருந்து வரும்போது 23 கிலோ பெட்டியில் பாதாமுக்கும் சாக்லேட்டுக்கும் இடமில்லாமல் ஒரு ஸ்பேனர் செட் கொண்டுவந்தான். திருப்பிப் பார்த்தார். 'மேட் இன் இந்தியா'. ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடித்த ஸ்பேனர்கள் வெளிநாட்டுப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு கப்பலேறுவது பல வருடக் கதை. இது மட்டும் திரும்பி வந்துவிட்டது.

அவர் வீட்டுக் குழாய் ஒழுகினால்? பிளம்பர்தான் வருவார். பையில் நாலே சாமான். அதில் ஒன்று, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய தபாரியா குறடு. தபாரியா 1969இல் ஸ்வீடன் தொழில்நுட்பத்தோடு நாசிக்கில் உற்பத்தி தொடங்கிய கம்பெனி. அப்படிப் பார்த்தால் பிளம்பர் கையில் இருப்பதும் பாதி ஸ்வீடன்தான். சார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பிளம்பர் பைப் ரெஞ்சை எடுத்துப் பளபளக்கும் நட்டைக் கவ்வியதும் இவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

"பல்லு படுது, பல்லு படுது! குரோம் போயிடும்!"

"உங்ககிட்ட பல்லு இல்லாதது இருந்தா குடுங்க சார்."

இருக்கிறது. அதற்கென்றே தயாரித்த க்னிபெக்ஸ் குறடு. இரண்டு தாடையும் வழவழப்பாக, இணையாக வந்து கவ்வும், கீறலே விழாது. "ரூம் பூரா அதானே இருக்கு, எடுத்துக் குடுங்களேன்" என்கிறார் வீட்டம்மா. சார் உள்ளே போய், ஃபிளானல் துணியைப் பிரித்து, எடுத்து வந்து, காட்டுகிறார். காட்டத்தான் செய்கிறார்.

"எவ்வளவு சார் இது?"

"அஞ்சாயிரத்துக்கு மேல."

"அந்தக் காசுக்குக் குழாயையே புதுசா மாத்திடலாமே!"

பத்து நிமிடத்தில் ஒழுகல் நின்றது. நட்டில் நாலு கீறல். சார் அன்று மாலை நடைப்பயிற்சிக்குப் போகவில்லை.

ஆயுத பூஜையன்றுதான் கருவிகள் மொத்தமாக வெளியே வரும். எஃகில் குங்குமம் படக் கூடாது, ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும், கடற்காற்று வேறு என்று பிளாஸ்டிக் கைப்பிடியில் மட்டும் கடுகளவு பொட்டு. அன்று ஆயுதங்களை வேலைக்கு எடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். அவருக்கு எல்லா நாளும் ஆயுத பூஜைதான். சிரிக்கலாம், ஆனால் தை பிறக்கும்போது ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் கட்டுக்கட்டாக வாங்கி அட்டையைக்கூட விரிக்காதவர்கள் கொஞ்சம் அடக்கிச் சிரிப்பது நல்லது.

அதோடு, அவரிடம் விஷயம் இருக்கிறது. கீழ்வீட்டுப் பையன் பழைய ஆர்.எக்ஸ். 100 வண்டியில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகித் திருகித் தலையை மழுங்கடித்துக்கொண்டிருந்தான். பால்கனியிலிருந்து அலறினார்: "தம்பி, நிறுத்து! அது பிலிப்ஸ் இல்லே, ஜப்பான் ஸ்க்ரூ!" இரண்டும் பார்வைக்கு ஒரே பிளஸ்தான். ஆனால் அமெரிக்க பிலிப்ஸ் முனை ஜப்பானியப் பள்ளத்தில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி வழுக்கும், ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும். ஜப்பான் ஸ்க்ரூ என்பதற்கு அடையாளமாகப் பெரும்பாலும் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும். கைக்குட்டையில் சுற்றிய ஜப்பானிய வெஸல் திருப்புளியோடு இறங்கி வந்தார். ஒரே திருகு, கழன்றது. பையன் திருப்புளிக்குக் கை நீட்டினான். அதற்குள் அது கைக்குட்டைக்குள் போய்விட்டது.

ஆகவே, புதிதாகக் குறடோ திருப்புளியோ வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் உங்கள் பிளாக் ஸ்பேனர் சாரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அறுபது ரூபாய்த் திருப்புளி எத்தனை ஸ்க்ரூவைக் கெடுக்கும் என்று கணக்குப் போட்டே சொல்லுவார். இரவல் மட்டும் கேட்காதீர்கள்.