மாப்ள எழுதுன பேய்க் கதையும் மாமன் போட்ட கணக்கும்

வா மாப்ள, உக்காரு. நீ வேலைய விடப் போறேன்னு உங்கம்மா காலையில வந்து மூக்கச் சிந்திட்டுப் போறா. "அண்ணே, இவன் பேய்க்கதை எழுதிப் பொழைக்கப் போறானாம்"ங்கா. நான் தைரியம் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். "ஏ தங்கச்சி, பேயை நம்பிக் கெட்டவன் இந்தச் சுத்துப்பட்டியில எவன் இருக்கான்? கோடாங்கி மாடி வீடு கட்டிட்டான், பாத்தியா இல்லையா?"ன்னேன். அவ போன பெறகுதான் ஒரு விசயம் உறைச்சுது. கோடாங்கி, வெத்தலையில தட்சணை வச்ச பெறகுதான் உடுக்கையத் தொடுவான். நீ மாசக்கணக்கா உடுக்கையடிச்சுப்புட்டு, பெறகு ஊர் ஊராப் போயி "பேய் புடிச்சவுக யாராச்சும் இருக்கீகளா"ன்னு கேக்குற ஆளு. அந்த ஒரு வித்தியாசத்துலதான் மாடி வீடு நிக்குது.

உன் கதையப் படிக்காம நான் பேசல. பேத்தி போன்ல எடுத்துக் குடுத்தா, விடிய விடியப் படிச்சேன். அந்தப் பாழுங்கெணத்துப் பேய் எதுக்கு டவுன் பஸ் ஏறி சாத்தூர் வரைக்கும் போச்சுன்னு இன்னும் வெளங்கல. மத்தபடி எழுத்து தண்ணியா ஓடுது. ஆகையால உனக்கு எழுத வராதுன்னு சொல்ல மாட்டேன். கூட்டல் கழித்தல் வராதுன்னுதான் சொல்றேன்.

நீ வாயத் தொறந்தா அமெரிக்காவுல இருக்குற ஆண்டி வியர் கதைதான். பேருல மட்டும் ஆண்டி, இப்பக் கோடீஸ்வரர்ங்க. செவ்வாய்க் கிரகத்துல தனியா மாட்டிக்கிட்ட ஒருத்தன் கதைய முதல்ல தன் இணையதளத்துல அத்தியாயம் அத்தியாயமா சும்மா போட்டாரு. வாசகர்க கேட்டாகன்னு 2011-ல கிண்டில்ல 99 சென்ட்டுக்கு ஏத்துனாரு. பெறகு பெரிய பதிப்பகம் வாங்குச்சு, 2015-ல சினிமாவாச்சு. எல்லாம் நெசம். ஆனா நீ வசதியா முழுங்குற சங்கதி ஒண்ணு இருக்கு. அத எழுதும்போது அவரு கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலையில இருந்தாரு. கதாநாயகன செவ்வாயில உருளைக்கெழங்கு போட வச்ச மனுசன், தன் வீட்டு உலைக்குச் சம்பளத்தத்தான் நம்புனாரு.

சரி, பென்சில எடு. கிண்டில்ல உன் கதைக்கு நீ வச்ச வெலை 49 ரூவா. அந்த வெலைக்கு அமேசான் உனக்குக் குடுக்குறது 35 சதவீதம். அதாவது 17 ரூவா 15 பைசா. இப்ப ஆபீஸ்ல உனக்குச் சம்பளம் 20,000-ன்னு வையி. அதே துட்டு இதுல வரணும்னா 1,167 பேரு காசு குடுத்து வாங்கணும். ஒரு தடவ இல்லடே, மாசாமாசம். நம்ம ஊருல தொட்டில் பிள்ளையும் சேத்து எல்லாரும் வாங்குனாக்கூட அடுத்த மாசம் அசலூருக்குத்தான் போகணும்.

வெலைய 99-ஆ ஏத்துனா 70 சதவீதம் கெடைக்கும்ங்க. 69 ரூவா சொச்சம், அதுலயும் ஃபைல் அனுப்புற கூலிய அவுக கழிச்சுக்கிடுவாக. "அப்ப முன்னூறு பேரு போதுமே மாமா"ன்னு குதிக்காத. இந்தியாவுல வித்து அந்த 70 சதவீதம் வேணும்னா அமேசானோட 'கேடிபி செலக்ட்' திட்டத்துல சேரணும். சேந்தா 90 நாளைக்கு அந்த மின்னூல வேற எங்கயும் விடக் கூடாது. பிரதிலிபி ஆப்ல தொடராவும் ஓட்டுவேன், இங்கயும் விப்பேன்னா நடக்காது. சொந்த வலைப்பூவுலகூட முழுசா வைக்கக் கூடாது. பொண்ணு வீட்டுக்காரவுக போட்ட நிபந்தனைக்கே நீ அம்புட்டுக் கட்டுப்பட்டதில்ல.

பெறகு கிண்டில் அன்லிமிடெட். சந்தா கட்டுனவுக அதுல சேந்த புத்தகத்துல எது வேணா படிக்கலாம். உனக்கு அவுக படிச்ச பக்கத்துக்குத் தக்கன துட்டு. 2015-லயிருந்து இதுதான் மொற. அதுவும் ஒரு ஆளு முதத் தடவ படிக்குற பக்கத்துக்கு மட்டுந்தான். உங்கம்மா பெத்த பாசத்துல ஏழு தடவ படிச்சாலும் ஒரு தடவைக்குத்தான் கூலி. நீ என்னடான்னா முதல் அத்தியாயம் பூராவும் மலையும் மேகமும் பனித்துளியுமா வர்ணிச்சு வச்சிருக்க. வாசகன் அங்கனயே எறங்கிப் போயிருவான், அவன் கூடயே உன் துட்டும் எறங்கிப் போயிரும். பேயை ரெண்டாம் பக்கத்துலயே கூப்பிடு. பனித்துளி காத்துக்கிடக்கும்.

வித்த துட்டாவது சூட்டோட கைக்கு வருதா? ஜனவரியில வித்ததுக்கு மார்ச் கடைசிக்குத்தான் பணம். அதுவரைக்கும் மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட "ராயல்டி வந்துக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லிப் பாரு. அவரு எந்த பஸ்ஸுல வருதுன்னு கேப்பாரு.

அன்னைக்கு அமேசான் பட்டியலப் படம் புடிச்சு அனுப்பி, "மாமா, நான் நம்பர் ஒன்"ன்னியே. சந்தோசம். எந்த வகையில நம்பர் ஒன்னுன்னு பேத்திய விட்டுப் பாக்கச் சொன்னேன். நாலு பேரு நிக்கிற வரிசையில முதல் ஆளா நின்னுருக்க. அந்த வரிசையும் நேரத்துக்கு நேரம் மாறுமாம். மத்தியானம் ராசா, பொழுது சாஞ்சா பதினாலாவது ஆளு. அதுக்குள்ள ஃபிளெக்ஸ் அடிச்சுட்டீரே எழுத்தாளரே!

நட்சத்திரக் கதை அதவிட மோசம். அத்தை, சித்தி, சடங்கு வீட்டுச் சொந்தம் எல்லாரையும் அஞ்சு நட்சத்திரம் போடச் சொல்லிருக்க. சொந்தபந்தம் விமர்சனம் எழுதக் கூடாதுங்கறது அமேசான் சட்டம். கண்டுபுடிச்சா தூக்கிருவாக. உங்க சின்னத்தை எழுதுனது மட்டும் நிக்குது போல. "பையன் நல்ல பையன், சின்ன வயசுலயே பொய் சொல்லுவான்"ன்னு எழுதிருக்கா. கதாசிரியனுக்கு அதவிட நல்ல சான்றிதழ் கெடைக்காது.

இப்ப முக்கியமான பாடத்துக்கு வாரேன். உன் கதைய வித்துப் பொழைக்கிறவன விட, உன் ஆசைய வித்துப் பொழைக்கிறவன்தான் இந்தத் தொழில்ல செழிப்பா இருக்கான். 'பெஸ்ட்செல்லர் ஆவது எப்படி'ன்னு வகுப்பு எடுக்குறவன், அட்டை, அச்சு, விழா, மாலைன்னு சேத்துப் 'பேக்கேஜ்' போடுறவன், விருது தர்றேன் நுழைவுக் கட்டணம் கட்டுன்னு வாரவன். அந்த வகுப்பு எடுத்த புண்ணியவான் எழுதுன நாவல் எங்கன்னு ஒருதரமாவது கேட்டியா? பேக்கேஜ்ல ஐஎஸ்பிஎன் நம்பருக்குன்னு ஒரு தொகை போட்டா, அந்த எடத்துலயே செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பு. நம்ம நாட்டுல அந்த நம்பர ராஜா ராம்மோகன் ராய் பேருல இருக்குற அரசாங்க அமைப்பு எழுதுறவுகளுக்குச் சும்மாதான் குடுக்குது. கேட்டு வாங்க ஒரு விண்ணப்பம், கொஞ்சம் பொறுமை, அம்புட்டுத்தான்.

"அச்சுல போட்டாத்தான் மாமா மரியாதை"ங்க. மரியாதைக்கும் ஒரு கணக்குப் போடுவோம். புத்தக வெலை 200-ன்னு வையி. கடைக்காரருக்குக் கழிவு 40 சதவீதம், 80 ரூவா போச்சு. கொஞ்சம் பிரதிதான் அடிக்குறதுனால ஒண்ணுக்கு 90 ரூவா அச்சுக்கூலின்னு வையி. மிச்சம் 30 ரூவா. அத உன் செலவுல கூரியர்ல அனுப்பினா வாசகனுக்குப் புத்தகம் போகும், உனக்குக் கைக்காசு போகும். கதை எழுதி, அடிச்சு, கட்டி, அனுப்பி, ஒவ்வொண்ணுக்கும் நீ காசு குடுக்குற தொழிலுக்கு வியாபாரம்னு பேரு வைக்கக் கூடாது. அது அன்னதானம். பதிப்பகத்துல குடுத்தா வழக்கமா 10 சதவீதம் ராயல்டி, கம்மிதான். ஆனா கட்டுக் கட்டா விக்காத புத்தகம் அவுக வீட்டுப் பரணுலதான் கெடக்கும், உங்கம்மா கட்டிலுக்கடியில கெடக்காது.

இன்னொண்ணு. நீயே அச்சடிச்சா நீதான் பதிப்பாளன். 1954-ல வந்த சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவோட சேத்து இன்னும் மூணு நூலகத்துக்கும் உன் செலவுல ஒரு பிரதி அனுப்பணும். அனுப்பு மாப்ள, அதுல சிக்கனம் பாக்காத. நம்ம வம்சத்துல கல்கத்தா வரைக்கும் போன மொத ஆளு உன் பேயாத்தான் இருக்கும்.

வரி? பழைய வருமான வரி மொறையில, புத்தக ராயல்டிக்கு 3 லட்சம் வரைக்கும் கழிவு உண்டுன்னு ஆடிட்டர் தம்பி சொன்னாரு. அதப் பத்தி நீ ராத்தூக்கம் கெடுத்துக்கிட வேண்டாம். ரெண்டு பேரும் சேந்து கெடுத்துக்கிடுற அளவுக்கு வரட்டும், பாத்துக்கிடலாம். அதுக்குள்ள உன் கதை பிடிஎஃப்-ஆ டெலிகிராம்ல சுத்துனா அழாத. திருடுற அளவுக்கு ஒரு சரக்கு நம்மகிட்ட இருக்குன்னு ஒரு நாள் பெருமப்பட்டுக்கோ, மறுநாள் புகார் குடு.

"அந்தக் காலத்துல மட்டும் எழுதிப் பொழைக்கலியா?"ன்னு கேக்குற. கேளு. நம்ம எட்டயபுரத்துக்காரர் பாரதி, 1920-ல தன் எழுத்த 40 புத்தகமாப் போடணும்னு திட்டம் வச்சு, வட்டி தாரேன் கடன் குடுங்கன்னு சிநேகிதமாருக்குக் கடுதாசி எழுதுனாரு. அவரு கதி என்னாச்சுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மகாகவிக்கே முதல் போட ஆள் வரல, உன் பாழுங்கெணத்துப் பேய்க்கு எவன் வருவான்?

ஆனா அதே காலத்துல வடுவூர் துரைசாமி ஐயங்கார்னு ஒருத்தர் சர்க்கார் உத்தியோகத்த விட்டுட்டுத் துப்பறியும் நாவல் எழுதிப் பேர் வாங்குனாரு. அவரு 'மேனகா' 1935-ல படமாவும் வந்துச்சு. "பாத்தீகளா மாமா, அவரும் வேலைய விட்டாரே"ன்னு துள்ளாத. அவரு 'மனோரஞ்சனி'ன்னு சொந்தமா மாசப் பத்திரிகை நடத்துனாரு. அடுத்த கதைக்கு வாசகன் அங்கயே காத்திருந்தான். உனக்குக் காத்திருக்குறது உங்கம்மாவும் பேங்க் கடனும்.

பெறகு 1969-ல 'ராணி முத்து' வந்துச்சு, பின்னால பாக்கெட் நாவல் வந்துச்சு, பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையெல்லாம் கொலையும் காதலுமாத் தொங்குச்சு. கோயமுத்தூர்க்காரர் ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல எழுதுனாரு. காய்ச்சலோ கல்யாணமோ, மாசம் பொறந்தா புத்தகம் கடைக்கு வரணும். நஷ்டம் வந்தா பதிப்பாளர் பாத்துக்கிட்டாரு, எழுத்தாளர் எழுத மட்டும் செஞ்சாரு. நீ ரெண்டு பேரு வேலையையும் ஒத்தை ஆளாச் செய்யணும், கூடவே அட்டைப்படமும் விளம்பரமும். ஒரு வருசமா ஒரே கதையத் திருத்திக்கிட்டு இருக்குற ஆளுக்கு இது ஆகிற காரியமா?

"ஏஐ எழுதிக் குடுத்துரும்"னு நைசாச் சிரிக்காத. உன்ன மாதிரி புத்திசாலிக அங்க வண்டி வண்டியாக் கொட்டப் போயித்தான், 2023-ல ஒரு ஆளு ஒரு நாளைக்கு மூணு புத்தகத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு அமேசான் கட்டுப்பாடே போட்டுச்சு. நாளைக்கு மூணு! ராஜேஷ்குமாருக்கே மூச்சு வாங்கும். மெசின் எழுதுனா மெசின் எழுதுச்சுன்னு அவுககிட்ட சொல்லணும்னும் விதி. அந்தக் கூட்டத்துல போயி நின்னா உன் பேயை அடையாளம் தெரியாது.

கடைசியா சுஜாதா. கணேஷ்-வசந்தக் கூட்டிக்கிட்டுத் தமிழ்நாடு பூராவும் கொலை கண்டுபுடிச்ச மனுசன். பகல்ல எங்க இருந்தாரு? பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர். நாம ஓட்டுப் போடுற மெசின் உருவானதுல அவருக்குப் பங்கு உண்டு. அம்புட்டுப் புகழ் வந்த பெறகும் வேலைய விட்டுட்டுத் திண்ணைக்கு வரல.

ஆகையால மாமன் சொல்றத எழுதிக்கோ. சம்பளம் உனக்குச் சோறு போடட்டும், கதைய வாசகனுக்குப் போடச் சொல்லு. ஒத்தைக் கதையோட நிக்காத, அதே பேய வச்சு மூணு நாலு எழுது. ஒண்ணு புடிச்சுப்போனவன் மிச்சத்தையும் தேடி வருவான், ஒருத்தன்கிட்டயே நாலு தடவ துட்டு வரும். செலவழிச்சே தீரணும்னா பிழை திருத்துறவருக்கும் அட்டை போடுறவருக்கும் குடு, மாலைக்கும் மேடைக்கும் குடுக்காத. முன்பணம் கட்டுன வாசகன் பேரு நோட்டுல ஏறாம ஒரு பிரதிகூட அச்சடிக்காத. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்னு எழுதி வையி. கதையில எம்புட்டுப் பொய் வேணா சொல்லு, அந்த நோட்டுல மட்டும் சொல்லாத. ரெண்டு வருசம் தொடர்ச்சியா அந்த நோட்டு உன் சம்பளத்தத் தாண்டுச்சுன்னா, ராஜினாமாக் கடுதாசிய நானே உனக்கு எழுதித் தாரேன்.

அதுவரைக்கும் திங்கள் முதல் சனி வரைக்கும் ஆபீசுக்குப் போ. பேயை ஞாயித்துக்கெழமை கெளப்பு.