சொந்தப் பொறுப்பில் பறக்கவும்

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. கரெஸ்பாண்டன்ட் படம் பெரிதாக, முதல்வர் படம் நடுத்தரமாக, துறைத் தலைவர் படம் சிறிதாக. விமானம், தேடிப் பிடித்தால் தெரிகிற அளவில். மேல் மூலையில் வழக்கம்போல் கலாம் சிரிக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த பாவத்துக்கு, தமிழ்நாட்டில் எது பறந்தாலும் அவர் சிரித்தாக வேண்டும்.

விமானப் பொறியியல் மாணவர்கள் எட்டுப் பேர் தாங்கள் செய்த மாதிரி விமானத்தோடு வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்புகிறார்கள். ‘ஆன் டியூட்டி’ என்கிற ஓ.டி. கடிதம் வாங்க மூன்று கையெழுத்து, ஒரு வாரம். பால்சா மரத்தில் இழைத்த இறக்கை அட்டைப்பெட்டிக்குள் போகிறது. அதற்குத் தெர்மாகோல் மெத்தை, பழைய போர்வை, நான்கு பக்கமும் சிவப்பு மார்க்கரில் ‘கவனம்’. பேட்டரிகள்? அவை யாரோ ஒருவனின் முதுகுப்பையில், துவைக்காத ஜீன்ஸுக்கும் முறுக்குப் பாக்கெட்டுக்கும் நடுவே, சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டு போகின்றன. உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்கிற பொருளுக்குப் போர்வை. எரிந்தால் பெட்டியே மிஞ்சாது என்கிற பொருளுக்கு முறுக்கு.

லித்தியம் பாலிமர் என்கிற லிப்போ பேட்டரி மொபைலுக்குள் இருக்கிற அதே வம்சம்தான். மொபைலில் இருப்பதற்குக் கெட்டியான கூடும் காவலுக்கு ஒரு சின்னச் சுற்றும் உண்டு. பறக்கிற பேட்டரிக்கு எடை ஆகாது என்பதால் மெல்லிய அலுமினியத் தாள் உறை மட்டும், காவல்காரன் கிடையாது. செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வந்ததும் நிறுத்த வேண்டியது வெளியே இருக்கிற சார்ஜரின் வேலை. சார்ஜருக்கோ, நாம் சொன்னதுதான் தெரியும். பேலன்ஸ் ஒயரை மாட்டாமல், மூன்று செல் பேக்கை நான்கு செல் என்று தூக்கக் கலக்கத்தில் அமுக்கிவிட்டால், அது கீழ்ப்படிந்து ஏற்றிக்கொண்டே போகும். செல் ஊதும். பிறகு வெடித்துச் சீறும். ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லைப் பற்ற வைக்கும். வருகிற புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்கிற நச்சு வாயுவும் உண்டு.

இதைத் தடுக்கத் தெரியாதா? தெரியும், எல்லோருக்கும் தெரியும். பயணத்தில் பேட்டரியை முழுக்க நிரப்பாமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் ‘ஸ்டோரேஜ்’ நிலையில் கொண்டுபோக வேண்டும். முனைகளை மூட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில், சிமெண்ட் தரையில், சுற்றிலும் எரிகிற பொருள் இல்லாமல், பேலன்ஸ் ஒயரோடு, கொள்ளளவுக்கு மீறாத வேகத்தில் — 2200 மில்லி ஆம்பியர் மணி பேக் என்றால் 2.2 ஆம்பியரில் — ஏற்ற வேண்டும். ஊதினதையும் விழுந்து அடிபட்டதையும் ஏற்றவே கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல். எல்லாவற்றுக்கும் மேல், விழித்திருக்கிற ஒரு ஆள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எந்த அம்மாவும் கோயிலுக்குக் கிளம்ப மாட்டாள். அந்த அளவு புத்தி போதும். மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், வைவாவில் ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பார்கள். பிறகு லாட்ஜுக்குப் போய் நேர் எதிராகச் செய்வார்கள். ஏன் என்று கேட்கத்தான் ஆளில்லை.

மாணவர்கள் துறைத் தலைவரிடம் கேட்டுத்தான் பார்த்தார்கள்.

“சார், பேட்டரி வைக்க ஒரு இரும்புப் பெட்டி வாங்கணும்.”

“போன வருஷம் பெட்டி இல்லாமதானப்பா போயிட்டு வந்தீங்க?”

“போன வருஷம் ஒரு பேக் ஊதிடுச்சு சார்.”

“எரியலையே? சரி, வாங்கு. ஜி.எஸ்.டி. பில் இருக்கணும்.”

காயலான் கடையில் கிடைக்கிற பெட்டிக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்கிற இந்த நிதி ஒழுக்கம், ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் மட்டும் ஏனோ செல்லுபடியாவதில்லை. இத்தனைக்கும் அந்தத் துறையில் விமானப் பாதுகாப்பு என்று ஒரு பாடமே நடக்கிறது. 2010 செப்டம்பரில் துபாயில் யு.பி.எஸ். சரக்கு விமானம் லித்தியம் பேட்டரிச் சரக்கில் தீப்பிடித்து விமானிகள் இருவரும் இறந்ததை அதில் சொல்லித் தருகிறார்கள். 2013 ஜனவரியில் போஸ்டனில் நின்றிருந்த ட்ரீம்லைனரின் பேட்டரி எரிந்ததையும், இன்னொரு ட்ரீம்லைனர் ஜப்பானில் அவசரமாக இறங்கியதையும், உலகத்திலிருந்த 50 ட்ரீம்லைனர்களும் தரையில் உட்கார வைக்கப்பட்டதையும் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்கிறார்கள். பதில் எழுதி மதிப்பெண் வாங்கிய பையன் அடுத்த வாரம் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போகிறான். பாடம் வேறு, பயணம் வேறு.

விமானத்தில் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அங்கே விதி இருக்கிறது. உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட் மணி வரை சிக்கலில்லை. 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் கிடையவே கிடையாது. ஆறு செல், 5000 மில்லி ஆம்பியர் மணி பேக் என்பது 22.2 வோல்ட்டை 5-ஆல் பெருக்கினால் 111. அனுமதி வாங்க வேண்டிய சரக்கு. சில பேக்குகளின்மேல் வாட் மணி அச்சடித்திருக்காது. பாதுகாப்புச் சோதனையில் நிற்கிற வீரரின் முன்னால் பையன் பெருக்கல் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், பின்னால் வரிசை முணுமுணுக்கும். 2025 ஜனவரியில் பூசானில் ஏர் பூசான் விமானம் தலைக்கு மேலுள்ள பெட்டியில் தொடங்கிய தீயில் கூரை கருகி நின்ற பிறகு, பவர் பேங்க்கையே சந்தேகமாகப் பார்க்கிற காலம் இது. நல்லது. பார்க்கட்டும். பயந்தவர்கள் போட்ட விதி என்பதால்தான் அது வேலை செய்கிறது.

ஆனால் நம் கல்லூரி விமான டிக்கெட் எடுப்பது கரெஸ்பாண்டன்ட்டுக்கு மட்டும். மாணவர்களுக்கு ஸ்லீப்பர். அந்த முதுகுப்பையில் அப்படிப்பட்ட பத்து பேக் முழுக்க நிரம்பி இருந்தால், மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரம், கீழ் பெர்த்துக்கு அடியில், யாரோ ஒரு பாட்டியின் கட்டைப்பைக்குப் பக்கத்தில் படுத்து வருகிறது. ரயில்வே 2021 மார்ச்சில் ஒரு நல்ல காரியம் செய்தது: இரவு 11 முதல் அதிகாலை 5 வரை பெட்டிகளில் சார்ஜிங் பாயிண்டுகளை அணைக்கச் சொன்னது. பயணிகள் திட்டினார்கள், நம் பையன்களும்தான். இந்தப் பயணம் முழுவதிலும் அவர்கள் உயிர்மேல் அக்கறை காட்டிய ஒரே ஜீவன் அந்த ஸ்விட்ச்.

அபாயகரமான பொருளை ரயிலில் ஏற்றினால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! நல்ல மூன்று செல் பேக் ஒன்றின் விலை அதைத் தாண்டும். 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் இருந்தது. லக்னோவிலிருந்து ராமேஸ்வரம் பார்க்க வந்தவர்களில் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். பெட்டிக்குள் சிலிண்டர் ஏறியது நிலையத்தில் எவர் கண்ணிலும் படவில்லை; எரிந்த பிறகு எல்லோர் கண்ணிலும் பட்டது. முதுகுப்பையில் இருக்கிற பேட்டரி அதைவிடச் சின்னது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு வருவோம். நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், ரசீதும் தருகிறார்கள். இறக்கையின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறார்கள். பேட்டரியில் எத்தனை செல் என்று எண்ணுகிறார்கள்: பையன் கூடுதல் சக்தி வைத்து ஏமாற்றுகிறானோ என்று. அந்தச் செல் ஊதியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கப் படிவத்தில் கட்டமில்லை. மைதானத்தில் ஒரு ஷாமியானா. அதற்குள் ஒரே ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அதில் ஏற்கெனவே மைக் செட், முதன்மை விருந்தினருக்கான ஏர் கூலர், ட்ரோன் வீடியோ எடுக்கிறவரின் லேப்டாப். அணிகளுக்கு மின்சாரம் கிடையாது. மணல் வாளி கிடையாது. மைதானமே மண்தான், ஒரு வாளிக்குத்தான் பஞ்சம்.

முதல் அணி காலை எட்டு மணிக்குப் பறக்க வேண்டும் என்று அட்டவணை. மைதானத்தில் மின்சாரம் இல்லை, எட்டு மணிக்குப் பேட்டரி நிரம்பியிருக்க வேண்டும். அப்படியென்றால் எங்கே, எப்போது ஏற்றுவது? ராத்திரி, லாட்ஜில். ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொரு அணியையும் படுக்கையறையில் பேட்டரி ஏற்றச் சொல்வது இந்த அட்டவணைதான். எழுத்தில் மட்டும் இருக்காது. சரி, எட்டு மணிக்காவது பறந்ததா? முதன்மை விருந்தினர் பதினொன்றரைக்கு வருகிறார். அதுவரை, முழுக்க நிரம்பிய பேட்டரிகள் வெயிலில் வரிசை கட்டி வேகின்றன. அவர் வந்து, இளைஞர் சக்தியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார். சக்தி பக்கத்து மேஜையில் உப்பிக்கொண்டிருக்கிறது.

அந்த லாட்ஜில், நான்கு பேர் அறையில் எட்டுப் பேர். இரண்டு பிளக் பாயிண்ட், ஒன்று டி.வி.க்கு, ஒன்று கண்ணாடிக்குக் கீழே ஆடிக்கொண்டிருப்பது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று, அதில் சார்ஜர்கள். தரை ஈரம், அதனால் மெத்தைமேல். பஞ்சு மெத்தை! வெளியே போனால் கரண்ட் போய்விடும், சாவி அட்டையைச் சொருகினால்தான் லைட் எரியும் என்று லாட்ஜ்காரர் சிக்கனம் பிடித்து வைத்திருக்கிறார். பையன்கள் அதில் கல்லூரி அடையாள அட்டையைச் சொருகிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போகிறார்கள். நான்கு வருடத்தில் அந்த அட்டை உருப்படியாகப் பயன்பட்ட இடம் அதுதான். கூடப் போக வேண்டிய ஆசிரியர் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் ராத்திரியில் எரிந்தது. அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். தீ கீழே, புகை மேலே. எட்டுப் பேர் செத்தார்கள், வேலை விஷயமாக ஊருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியவர்கள். அவர்கள் யாரும் எந்தப் பேட்டரியையும் சார்ஜில் போடவில்லை. பையன்களின் பக்கத்து அறையில் தூங்குகிறவரும் போடவில்லை. கல்யாணத்துக்கு வந்திருப்பார், ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன ஏறிக்கொண்டிருக்கிறது என்று ரிசப்ஷனில் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை.

கிண்டலை வரவழைப்பது படிவங்கள்தான். போட்டி அமைப்பாளர் கல்லூரியிடம் வாங்குகிறார்: ‘எந்த விபத்துக்கும் அமைப்புக் குழு பொறுப்பல்ல.’ கல்லூரி பெற்றோரிடம் வாங்குகிறது: ‘என் மகனை என் சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறேன்.’ லாட்ஜ் சுவரில் நிரந்தரமாகவே எழுதியிருக்கிறது: ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ 2021 ட்ரோன் விதிகள் எங்கே பறக்கலாம், எங்கே பறக்கக் கூடாது என்று வண்ணம் பூசி வரைபடம் தருகின்றன, மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம். பறப்பதற்கு முந்தைய ராத்திரியைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. ஆகாயம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பத்திரமாக இருக்கிறது. மெத்தைக்கு நிறம் ஒதுக்கவில்லை. இப்படி எல்லோரும் கழற்றி எறிந்த பொறுப்பு கடைசியில் யார் தலையில் விழுகிறது? ராத்திரி இரண்டு மணிக்குச் சார்ஜர் முன்னால் முறை போட்டு உட்கார்ந்து, மூன்று மணிக்குக் கண்ணயர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் தலையில். ஏதாவது நடந்தால் பத்திரிகைக் குறிப்பு தயாராக இருக்கிறது: ‘மாணவர்களின் அலட்சியமே காரணம்.’ கலாம் கனவு காணச் சொன்னார்தான். சார்ஜரை மாட்டிவிட்டுக் காணச் சொல்லவில்லை.

ஒரு சார்ஜிங் கூடாரம், கூரை தகரத்தில். ஒரு வாடகை ஜெனரேட்டர். சிமெண்ட் பலகை போட்ட மேஜை, நான்கு வாளி மணல், முறை போட்டு நிற்க இரண்டு ஆள். காலை ஆறு மணிக்குத் திறந்து பத்து மணிக்குப் பறக்கவிடுகிற அட்டவணை. விருந்தினருக்குப் போர்த்துகிற சால்வை, நினைவுப் பரிசு, வெள்ளித்தட்டு மூன்றின் செலவை எடுத்து இங்கே போட்டாலே பெரும்பங்கு முடிந்துவிடும். முடியாது என்பீர்கள். மரபு என்பீர்கள்.

அப்படியானால் அடுத்த ஆண்டுக்கு ஒரு சின்ன மாற்றம் மட்டும். முதன்மை விருந்தினர், கரெஸ்பாண்டன்ட், அமைப்புக் குழுத் தலைவர், துறைத் தலைவர் நால்வருக்கும் போட்டிக்கு முந்தைய இரவு அதே லாட்ஜில், அதே அறையில், அந்தச் சார்ஜர்கள் ஓடுகிற மெத்தைக்குப் பக்கத்து மெத்தையில் படுக்கை போட்டுக் கொடுங்கள். சொந்தப் பொறுப்பில் தங்குவதாக வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். ஓ.டி. கடிதத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.