பாட்டி தைத்த பொன்னியின் செல்வன்

எங்கள் மாயவரம் வீட்டில் இருந்த பொன்னியின் செல்வன் கடையில் வாங்கியதல்ல. 1950-லிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பாட்டியே கோணி ஊசியால் தைத்து, பைண்டரிடம் கொடுத்து காலிகோ அட்டை போட்டு வாங்கிய ஐந்து பாகங்கள். அத்தியாயம் முடிகிற இடத்தில் ஏதாவது தைல விளம்பரம் பாதி அறுபட்டு நிற்கும்.

முதல் பாகத்தின் உள்ளட்டையில் வயலட் மையில் பாட்டியின் பெயர். அதற்குக் கீழே பென்சிலில் இரவல் கணக்கு: எதிர்வீட்டு மாமி, போஸ்ட்மாஸ்டர் சம்சாரம், பெரிய தெரு டீச்சர். புத்தகம் திரும்பி வந்ததும் பெயரை அடித்துவிடுவாள். மூன்றாம் பாகத்துக்கு நேரே ஒரு பெயர் இன்னும் அடிபடாமல் இருக்கிறது.

பாட்டி போனபின் மீதி நான்கையும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். முதல் பாகம் அப்பாவுக்கு வந்தது. யாரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. எழுத்து கல்கியுடையது, அந்தப் பிரதி பாட்டியுடையது. காசு கொடுத்து வாங்கிய பிரதியை விற்கலாம், இரவல் தரலாம், மகனுக்கு விட்டுப் போகலாம்; நம் பதிப்புரிமைச் சட்டம் அதில் குறுக்கே நிற்பதில்லை. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் பிழைத்ததே இதனால்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கியது. தம்பி ஒரு டேப்லெட் வாங்கித் தந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தான். அப்பா அதில் ஒரு மின்நூல் செயலி வழியாக, பொன்னியின் செல்வனிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு நூலாகக் காசு கட்டி வாங்கினார். பிடித்த வரிக்கு மஞ்சள் பூசுவார். பக்கத்தில் குறிப்பு எழுதுவார். "இங்கே அம்மா நிறுத்திவிட்டு அழுவாள்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் காலமானபின் அந்த நூல்களை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். உரிமம் கணக்கு வைத்திருந்தவருக்கு மட்டுமே, வாரிசுக்கு மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. பொத்தானில் 'வாங்கு' என்றுதான் போட்டிருந்தது. அப்பா அதை நம்பினார். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து, விற்பது உரிமம்தான் என்றால் வாங்குகிறவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் அந்த மரியாதை வேண்டாமா?

எழுதுகிறவருக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. புதுப் புத்தகத்தின் பிடிஎஃப் வாட்சப்பில் வந்தால் அழித்துவிடுகிறேன். ஆனால் இங்கே எழுத்தாளரின் உரிமைக்கு என்ன குறை வந்தது? கல்கியின் நூல்களைத் தமிழக அரசு எப்போதோ நாட்டுடைமையாக்கிவிட்டது. அதை விட்டாலும், மறைந்து 60 ஆண்டு என்ற சட்டக் கணக்கில் 2015 முதல் அவை பொதுச் சொத்து. மதுரைத் திட்டத்தின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கதை ஊருக்கே சொந்தம். அப்பா கோடு போட்ட பிரதி மட்டும் அவர் பிள்ளைக்கு இல்லை.

2009 ஜூலையில் அமேசான், ஆர்வெல்லின் '1984' மின்நூலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே நீக்கியது. விற்றவருக்கு அதை விற்க உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பின்னால் மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் படிப்புக்காகக் குறிப்பு எடுத்து வைத்திருந்த ஒரு பள்ளி மாணவனுக்கு, எந்த வரிக்கு எந்தக் குறிப்பு என்பதே தெரியாமல் போயிற்று. என் விஷயத்தில் நிறுவனம் வேறு. பயம் அதேதான்.

அதனால் அப்பாவின் டேப்லெட்டை வைஃபை பக்கம் விடுவதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சள் வரி எந்த அத்தியாயம், பக்கத்தில் அவர் என்ன எழுதினார் என்று கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதி வருகிறேன். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. பைண்டர் காலிகோ இப்போது கிடைப்பது கஷ்டம் என்றார். தேடிப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.