பெருவிரலுக்கும் ஒரு தடைக்காலம்

பாம்பன்காரருக்குக் கால் பெருவிரல் வீங்கினால் முதல் காரணம், "கல் தட்டிருச்சு". கவுட் வாதமோ என்று ரத்தம் பார்த்து யூரிக் அமிலம் 9 என்று வந்தால், "மெசின் சரியில்ல". 6-க்குக் கீழே நிற்க வேண்டுமாம். டாக்டர் சூடை, நெத்திலி, கருவாடு, பீர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு மோரும் தண்ணீரும் எழுதினார். கடற்கரையில் இருந்துகொண்டு மோரா!

இந்தப் பத்தியத்தை ஓரளவு அமல்படுத்துவது அரசுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுக்குத் தடை. ஆனால் நாட்டுப்படகு போகிறதே. கருவாட்டுப் பானைக்கும் தடையில்லை.

"சாப்பாட்டைக் குறைத்தால் கொஞ்சம்தான் இறங்கும், மாத்திரையை விடாதீங்க" என்றார் டாக்டர். பாம்பன்காரர் காதில் விழுந்தது முதல் பாதி. "அப்ப ரெண்டு நெத்திலி வை தாயி" என்றார் மகளிடம், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி.