தட்டிக்கேட்க ஆள் வேண்டும்

கேள்வி: தானாக முடிவெடுக்கும் மென்பொருள்கள் விதிகளுக்குக் கட்டுப்படுமா?
— வாசகர், திருப்பத்தூர்

பதில்: மனிதரைவிட ஒழுங்காகவே கட்டுப்படும், ஆபத்தே அங்குதான்! 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் வர்த்தக மென்பொருள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று விற்றுத் தள்ளின. டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 1,000 புள்ளிகள் சரிந்தது. அவை பெரும்பாலும் தத்தம் விதிப்படியே நடந்தன. இல்லாமல் போனது ஊர்க்கட்டுப்பாடு. உங்கள் மாவட்டத்து ஜவ்வாது மலைக் கிராமங்களில் தப்பு செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்க ஊர்க்கவுண்டர் இருக்கிறார். அன்று அந்தச் சந்தையில் அப்படிக் கூப்பிட்டுக் கேட்க எவரும் இல்லை.

நம் நாட்டில், சிறு முதலீட்டாளர்களுக்காக மென்பொருள் தானாக இடும் அல்கோ ஆர்டர் ஒவ்வொன்றிலும் தனி அடையாளம் வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 பிப்ரவரியில் சொன்னது. எந்த மென்பொருளின் வேலை என்று தெரிந்தால்தானே தட்டிக்கேட்க முடியும்? தானாக முடிவெடுத்துக் கடன் கொடுக்கும் செயலிகளுக்கும் இதே கட்டுப்பாடு வர வேண்டும்.