எண்ணிக்கை ஏறுது, கருப்பட்டி அப்படியே இருக்கு

மருமவனே, நீ வாட்ஸ்அப்புல அனுப்புன படம் கெடச்சுது. நீலக்கோடு மேல ஏறுது, ஓரத்துல பச்சைக் கலர்ல சதவீதம் மின்னுது, கீழ ‘சைட்டுக்கு ஆளு குவியுது மாமா’ன்னு ஒரு வரி. சந்தோசம்ப்பா. கையோட உங்கம்மாட்ட காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: “கருப்பட்டி எத்தன கிலோ போச்சாம்?” அதுக்குப் படத்துல பதில் இல்ல. உடன்குடியில இருந்து நீ ஏத்திட்டுப் போன சிப்பமெல்லாம் குடோன்லதான் கெடக்குன்னு உன் டிரைவர் என்கிட்ட சொல்லிட்டான். நான் அவகிட்டச் சொல்லல. பாவம், மனசு சங்கடப்படும்.

இந்தக் கெழவனுக்கு அனலிடிக்ஸ் பத்தி என்ன தெரியும்னு நீ சிரிக்கிறது இங்கன வரைக்கும் கேக்கு. நியாயந்தான், எட்டாங் கிளாஸோட நின்னவன். ஆனா போன பொங்கலுக்கு வந்தப்ப ‘சும்மா பாத்துக்கிட்டு இருங்க மாமா’ன்னு என் மெயிலுக்கு ‘வியூவர்’ அனுமதி குடுத்துட்டுப் போனது யாரு? எல்லாக் கலையும் கத்துக்கலாம், சும்மா இருக்குற கலை மட்டும் எனக்கு வரல. திண்ணையில உக்காந்து ஒவ்வொரு மெனுவா அமுக்கி, புரியாததை யூடியூப்ல தேடிப் பாத்தேன். உன் டிசைன் பையனுக்கு ஒரு கிலோ பனங்கற்கண்டு குடுத்து மத்த அனுமதியெல்லாம் வாங்கிக்கிட்டேன். அவனைத் திட்டாத, நல்ல பிள்ளை. கற்கண்டு நல்லா இருந்துச்சுன்னான்.

முதல்ல, குவியுற ஆளு யாருன்னு பாப்போம். அதுல ஒரு நல்ல பங்கு நீதான். காலையில பல்லு தேய்க்க முந்தி சைட்டத் தெறந்து பாக்குத. ராத்திரி படுக்கப் போகையில ‘எல்லாம் சரியா இருக்கா’ன்னு இன்னொரு சுத்து. டிசைன் பையன் பட்டன் கலரை மாத்திட்டு மாத்திட்டு ரெஃப்ரெஷ் அடிக்கான். பேக்கிங் பிள்ளைகளும் அதே வாசல் வழியாத்தான் வருதுக. அத்தனையும் கணக்குல ஏறுது. ஆபீஸ் ஐ.பி. முகவரியக் குடுத்து ‘உள் ஆளு’ன்னு வடிகட்டுற வசதி கூகுள் அனலிடிக்ஸ் 4ங்கிற ஜி.ஏ.4லயே இருக்கு. நீயும் குடுத்திருக்க, இல்லைங்கல. ஆனா அந்த ஃபில்டர் ‘டெஸ்டிங்’ நிலையிலதான் பொறக்கும். போயி ‘ஆக்டிவ்’னு மாத்துனாத்தான் வேலை செய்யும். அதை நீ மாத்தல. மாத்துனாலும் பழைய கணக்கை அது திருத்தாது. உன் போன் ஐ.பி.யும் மாறிக்கிட்டே இருக்கும், சிக்காது. கம்ப்யூட்டர்ல வேலை செய்யுறவுகளுக்குச் சுளுவான வழி, கூகுளே தாற அனலிடிக்ஸ் ஆப்ட்-அவுட் ஆட்-ஆன். பிரவுசர்ல மாட்டிவிட்டா அந்த ஆளு எந்தச் சைட்டுக்குப் போனாலும் கூகுள் அனலிடிக்ஸ் கணக்குல விழ மாட்டான். மாமன் சொல்லுற முதல் கருவியே கோட்டைக் கீழ இறக்குதேன்னு வருத்தப்படாத. படம் அனுப்புறதைக் கொஞ்ச நாளு நிறுத்தி வச்சாப் போச்சு.

மிச்சம் இருக்குறவுகள்ல யாரு வாங்க வந்தவன், யாரு வேடிக்கை பாக்க வந்தவன்? ஜி.ஏ.4 ‘என்கேஜ்டு செஷன்’னு ஒண்ணு சொல்லுது. ஒருத்தன் 10 செகண்டுக்கு மேல இருந்தா, இல்ல ரெண்டு பக்கம் பாத்தா, இல்ல நீ ‘கீ ஈவென்ட்’னு குறிச்சு வச்ச காரியத்தைச் செஞ்சா, அவன் ஈடுபாட்டோட வந்தவனாம். நான் மண்டியில இருந்த காலத்துல மழைக்கு ஒதுங்குறவன் அரை மணி நேரம் நிப்பான், பதநீ வெலை கேப்பான், ருசி பாக்க ஒரு துண்டு கருப்பட்டியும் வாங்கி வாயில போட்டுட்டுப் போவான். கூகுள் கணக்குப்படி அவன் மகா ஈடுபாட்டுக்காரன். கல்லாப்பெட்டிக்கு அவன் யாருன்னே தெரியாது. சரி, நீ கீ ஈவென்ட்டா எதைக் குறிச்சிருக்கன்னு போய்ப் பாத்தேன். ‘ஸ்க்ரோல்’! பக்கத்தை 90 சதவீதம் கீழ உருட்டுனா அது விழுந்துரும். கைதவறிப் போனை உருட்டுனவனையெல்லாம் முக்கிய விருந்தாளின்னு எழுதி வச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கு, ஆனா லீவுல இருக்கு. கூடையில போட்டான், பணம் கட்ட ஆரம்பிச்சான், பணம் கட்டிட்டான். இந்த மூணு போதும் நம்ம யாவாரத்துக்கு.

இதை முடிச்சப்புறம் துணைக் கருவிக்கு வா. நீ ஏற்கனவே அஞ்சாறு போட்டு வச்சிருக்க, போட்ட அன்னையோட சரி. எந்தக் கேள்விக்குப் பதில் வேணும்னு உனக்குத் தெரியாது, அதனால எதையும் தெறக்கல. எனக்குத் தெரிஞ்ச கேள்வியச் சொல்லுதேன்.

வாங்க வாரவன் கூகுள்ல என்ன கேட்டு உன் வாசலுக்கு வந்தான்? முன்ன அனலிடிக்ஸே அதைச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. 2011ல கூகுள் தேடலைப் பூட்ட ஆரம்பிச்சப்புறம் கொஞ்சங் கொஞ்சமா அந்த இடத்துல ‘நாட் புரொவைடட்’ வந்து உக்காந்துட்டு. இப்ப அந்த விவரம் சர்ச் கன்சோல்ல கெடைக்கும், காசு கெடையாது. என்ன தேடுனாவ, உன் பேரு எத்தன தடவ கண்ணுல பட்டுச்சு, எத்தன பேரு அமுக்குனாவ, எத்தனாவது எடத்துல நின்னன்னு 16 மாசக் கணக்கு வச்சிருக்கும். ஜி.ஏ.4ஓட அதை இணைக்கலாம். ஆனா இணைச்சதும் அது தானா மெனுவுல வந்து நிக்காது, லைப்ரரிக்குள்ள போயி ‘பப்ளிஷ்’ குடுக்கணும். நீ இணைச்சிட்டு, காணோம் காணோம்னு தேடிட்டு, கூகுள் சரியில்லன்னு சொல்லிட்டே. கூகுளுக்கு இது தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்.

சனங்க கேட்டதைப் படிச்சா உனக்கு வெக்கம் வரும். ‘கருப்பட்டியில சீனி கலந்திருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க’, இதுதான் திரும்பத் திரும்ப வருது, தமிழ்லயும் தங்கிலீஷ்லயும். ‘சுகர் இருக்கவங்க சாப்பிடலாமா’ன்னு ஒரு கூட்டம். ‘மழைக்காலத்துல கருப்பட்டி இளகிப் போச்சு, என்ன செய்ய’ன்னு இன்னொண்ணு. அது ஈரத்தை இழுக்குற பண்டம், அதனாலதான் எங்க அம்மா அடுப்புக்கு மேல பரண்ல புகை படுற எடமாப் பாத்து வைப்பா. உனக்கும் தெரியும். ஆனா உன் பக்கத்துல என்ன எழுதியிருக்க? ‘பாரம்பரியத்தின் இனிய சுவை உங்கள் இல்லம் தேடி!’ அவன் சந்தேகத்தோட வாரான், நீ தாலாட்டுப் பாடுத. கலப்படத்தைப் பத்தித் தனியா ஒரு பக்கம் எழுது. பனைக்காரவுகட்டப் பேசிப் படம் புடிச்சுப் போடு. கண்ணுல நிறையப் பட்டு, அமுக்குறவன் கொஞ்சமா இருக்குற கேள்வி எதுன்னு கன்சோல்ல பொறுக்கி எடுத்தா, எழுதவேண்டியது என்னன்னு அதுவே சொல்லிரும். சுகர்க்காரவுக கேள்விக்கு மட்டும் வாயைக் கொடுத்து மாட்டிக்காத. டாக்டரைப் பாக்கச் சொல்லு.

அடுத்தது ‘டைரக்ட்’ங்கிற பெரிய பங்கு. நம்ம பேரை மனப்பாடம் பண்ணி டைப் அடிச்சு வாராவன்னு நீ மாரைத் தட்டிக்கிட்ட. நெசம் அது இல்ல. வாட்ஸ்அப்புல அமுக்கி வாரவன் எங்க இருந்து வாரான்னு பெரும்பாலும் சொல்லாம வாரான், அதனால டைரக்ட்டுல விழுதான். துபாய், சிங்கப்பூர்ல இருக்குற நம்ம சொந்தக்காரவுக குரூப்பு எத்தன! அதுக்குத்தான் யு.டி.எம். வாலு. 2005ல கூகுள் வாங்குன அர்ச்சின் கம்பெனி விட்டுட்டுப் போன சொத்து, அந்த ‘யு’ அவன் பேருதான். லிங்குக்குப் பின்னாடி எங்க இருந்து, எந்த வகையில, எந்த விளம்பரத்துலன்னு மூணு துண்டு ஒட்டி அனுப்பு. நோட்டுல ஒரே மாதிரி எழுதி வச்சுக்கோ. இங்கிலீஷ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறுனா அதுக்கு வேற வேற ஆளு. உன் ஃபேஸ்புக் மூணு ஃபேஸ்புக்கா நிக்கிறது அதனாலதான். சைட்டுக்கு உள்ளயே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குப் போற லிங்குல மட்டும் இந்த வாலை ஒட்டாத. வெளிய இருந்து வந்த தடம் குழம்பிப் போகும்.

இனி நான் ராத்திரி தூங்காம பாத்த கூத்துக்கு வாரேன். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. 2020ல இருந்து எல்லாருக்கும் இலவசமாத் தாரான். எந்த எடத்துல விரல் அதிகம் படுதுன்னு சூடு-குளிர் கலர்ல காட்டுது, ஒவ்வொருத்தர் வந்துபோனதையும் படம் மாதிரி ஓட்டிக் காட்டுது. ஹாட்ஜார்னும் ஒண்ணு இருக்கு, அதுவும் இந்த வேலைதான். ஒரு ரெக்கார்டிங்கச் சொல்லுதேன், கேளு. ஒரு ஆளு போன்ல சுக்குக் கருப்பட்டிப் பக்கத்துக்கு வருது. பாக்கெட் படத்தை அமுக்குது. படம் பெருசாகல. மறுபடி அமுக்குது. மறுபடி, மறுபடி. ஒண்ணும் நடக்காத அமுக்கலை ‘டெட் கிளிக்’னும், ஆத்திரத்துல படபடன்னு அடிக்கிறதை ‘ரேஜ் கிளிக்’னும் அது குறிச்சு வைக்கும். அந்த ஆளு எதுக்கு அமுக்குச்சுன்னு நான் படத்தை உத்துப் பாத்தேன். எடை எத்தன கிராம்னு கவர்மேல எறும்பு சைஸுல எழுதியிருக்கு, வேற எங்கயும் எழுதல. அப்புறமும் அந்த ஆளு பொறுமையாக் கீழ போயி விமர்சனத்தைப் படிக்குது, மேல வருது, கூடையில போடுது, முகவரி அடிக்குது, பின்கோடு அடிக்குது. பணம் கட்டுற பக்கத்துல கூரியர் செலவு முதல்முறையாத் தலையக் காட்டுது. அங்கன திரை கொஞ்ச நேரம் அசையாம நிக்கு. பின்னால ஒரு பக்கம். இன்னொரு பக்கம். ஆளைக் காணோம்.

இதே ஆளை ஜி.ஏ.4ல தேடுனா ‘கூடையில போட்டது ஒண்ணு, செக்அவுட் ஒண்ணு, பர்ச்சேஸ் இல்ல’ன்னு மூணு வரியில முடிச்சிரும். அங்க எத்தன பேரு நின்னாவன்னு அது சொல்லும், எதைப் பாத்துட்டு நின்னாவன்னு இது காட்டும். ரெண்டும் வேணும். ஆனா ரெக்கார்டிங் 30 நாளுதான் இருக்கும், சிலதை மட்டும் குறிச்சு வச்சுக்கலாம். நீ தெறக்காமலே விட்டதுல எத்தன பேரு ஆத்திரப்பட்டு அமுக்கி அழிஞ்சு போனாவளோ.

ஒண்ணு மட்டும் கறாராச் சொல்லுதேன். பொம்பளப் பிள்ளைக முகவரி, போன் நம்பர் அடிக்கிற பக்கம் அது. 2017 நவம்பர்ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரவுக, இந்த மாதிரி திரையப் பதிவு பண்ணுற கருவிகள் வழியா ஆளுக அடிச்ச சொந்த விவரம் மூணாம் மனுசங்கட்டப் போறதை எடுத்துக் காட்டுனாவ. கிளாரிட்டி டைப் அடிக்கிற கட்டத்தைத் தானா மூடித்தான் வைக்கும். ஆனா அடிச்ச முகவரியத் திருப்பி எழுத்தாக் காட்டுற பக்கம் இருக்கே, அங்க மறைப்பை நீதான் போயிச் சரிபாக்கணும். சைட்டுலயும் தமிழ்ல நாலு வரி எழுதிப் போடு, இன்னது பதிவாகுது, இன்னதுக்குன்னு. 2023லயே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துட்டு. மாமனுக்கு வெத்தல வாங்கக் காசு இல்லாட்டியும் பரவாயில்ல, உனக்கு வக்கீல் வைக்க முடியாது.

பழைய கணக்கு பத்தியும் ஒரு வார்த்தை. நம்ம சரக்குக்குச் சீசன் பங்குனி சித்திரையில சூடு புடிச்சு ஆடி ஆவணியோட அடங்கும். போன சீசனையும் இந்தச் சீசனையும் பக்கத்துல வச்சுப் பாக்காம என்ன யாவாரம்? ஜி.ஏ.4ல ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ல நோண்டிப் பாக்குற விவரம் நீ ஒண்ணும் செய்யாட்டி 2 மாசந்தான் நிக்கும். செட்டிங்ஸ்ல 14 மாசமா மாத்தலாம், இலவசத்துல அதுக்கு மேல இல்ல. இன்னும் வேணும்னா கூகுளோட பிக்குவெரிக் கிடங்கோட இணைச்சு விடு. இணைச்ச நாள்ல இருந்துதான் விழும், முந்தினதைத் தராது. பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1ஓட எண்ணுறதை நிறுத்துச்சு, மறுவருசம் பழைய ஏட்டையும் எடுத்துக்கிட்டான். எடுத்து வைக்காதவன் பாடு அம்புட்டுத்தான்.

லுக்கர் ஸ்டூடியோவுல வட்டமும் தூணுமா நீ செஞ்சு வச்ச படத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அழகா இருக்கு. கல்யாண ஆல்பம் மாதிரி ரெண்டு தடவ பாத்துட்டு வச்சிட்டேன்.

கடைசியா, இத்தன கருவிய மாட்டுனதுல உன் சைட்டு என் போன்ல தெறக்குறதுக்குள்ள நான் ஒரு கொட்டாவி விட்டுரலாம். முக்கியமான படம் 2.5 செகண்டுக்குள்ள கண்ணுல வரணும்னு கூகுளே அளவு வச்சிருக்கான். இந்தக் கருவியெல்லாம் மாட்டி வச்ச டேக் மேனேஜருக்குள்ள போயி யாரும் பாக்காத டேக்கை எல்லாம் நிறுத்து. எப்பவோ ஓடி முடிஞ்ச விளம்பரத்தோட டேக்கு இன்னும் அங்கன சம்பளமில்லாம வேலை பாத்துக்கிட்டு இருக்கு.

சொல்ல மறந்துட்டேன். அந்தச் சுக்குக் கருப்பட்டி ரெக்கார்டிங் ஆளு யாருன்னு கிளாரிட்டி சொல்லாது. எனக்குத் தெரியும். உங்க அத்தை. மருமவன் கடையில ஒரு பாக்கெட் வாங்கிப் பாப்போம்னு என் பக்கத்துல உக்காந்துதான் அமுக்குனா. ஏன் விட்டுட்டு வந்தன்னு அவகிட்டயே கேட்டேன். “கூரியர் காசை முன்னாலேயே சொல்லித் தொலைச்சா என்னவாம் அவனுக்கு? கட்டக்கூடாதுன்னு இல்ல. ஒளிச்சு வச்சிச் சொன்னதுதான் புடிக்கல”ன்னா. அதை முதல் பக்கத்துலயே எழுதிப் போட்டுட்டு அவளுக்கு ஒரு போன் போடு. நாளைக்குச் சாயங்காலம்னா நல்லது, காலையில அவ இன்னும் கோவத்துலதான் இருப்பா.